பாட்டுக்கு வந்த செய்முறை

கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திலகவதியைக் 'கரண்டு அக்கா' என்றுதான் சொல்வார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் வந்து, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று ரீடிங் எடுத்து, வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவள். அப்பா மலையாண்டி லைன்மேனாக இருந்தவர். அவள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். வாரிசு வேலை உடனே கிடைத்துவிடவில்லை. கிடைத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. இப்போது முப்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. புளியன்விடுதியில் அம்மா சொர்ணவல்லியோடு இருக்கிறாள்.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். அவள் டிரம்ஸ் வாசிப்பாள் என்பது சொந்தக்காரர்களுக்கும் இன்னும் சிலருக்கும் மட்டுமே தெரியும்.

அது தொடங்கியது புதுக்கோட்டையில், அவள் படித்த பாலிடெக்னிக்கின் ஆண்டு விழாவில். அன்றைக்கு வந்திருந்த இசைக்குழுவின் டிரம்மர் சாப்பிடப் போனவர் நேரத்துக்குத் திரும்பவில்லை. மைக் சரிபார்க்க வேண்டும், யாராவது வந்து நாலு தட்டுத் தட்டுங்கள் என்று மைக்செட்காரர் மேடையிலிருந்து கூப்பிட்டார். திலகவதி போய் உட்கார்ந்தாள். நாலு தட்டோடு எழுந்திருக்கவில்லை. டிரம்மர் திரும்பி வந்து, பக்கத்தில் நின்று சற்று நேரம் பார்த்துவிட்டு, கால் பரவாயில்லை, இடது கைதான் தூங்குகிறது என்றார். அந்த இடது கையை எழுப்ப அவளுக்குப் பல வருஷம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த வருஷமே பழைய டிரம்செட் ஒன்றை வாங்கினாள். வீட்டில் அதை வைக்கலாம், வாசிக்க முடியாது. முதல் நாளே அடுத்த வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கந்தர்வக்கோட்டையில் உரக்கடை வைத்திருப்பவரின் மகன் ரகுநாத் அவளோடு படித்தவன். கறம்பக்குடி சாலையில் தைலமரக் காட்டோரம் அவர்களுக்குச் செம்புராங்கல்லில் கட்டிய பழைய குடோன் ஒன்று இருந்தது. அங்கே கொண்டுவந்து போடு என்றான். போட்டாள். கொஞ்ச நாளில் அவனும் ஒரு பேஸ் கிதாரோடு வந்து உட்கார்ந்தான். அவன் கூட்டிவந்தவர் ஜெரால்டு. கந்தர்வக்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சின்ன வயதிலிருந்து மாதா கோயில் பாடற்குழுவில் கிதார் வாசித்து வந்தவர், வார்த்தை எழுதுவார், பாடவும் செய்வார். மூன்று பேரும் சேர்ந்த குழுவுக்கு அந்தக் குடோன் சுவரைப் பார்த்துச் 'செம்புரான்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வாசித்தது ராக். சொர்ணவல்லி அதைச் சத்தக் கச்சேரி என்பார்.

இரண்டு வருஷத்தில் குழுவுக்குக் கொஞ்சம் பெயர் வந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கல்லூரி விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள். வல்லத்தில் ஒரு விழாவில் மழை வந்தும் பிள்ளைகள் கலையாமல் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு பாட்டை முறையாகப் பதிவுசெய்து வெளியிடுவது என்று முடிவானது. 'தார் உருகுது' என்பது பாட்டு. சித்திரை வெயிலில், நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில், வராத பஸ்ஸுக்கு நிற்கிற ஒருவன் பாடுவது. புதுக்கோட்டையில் பக்திப் பாடல்களும் கட்சிப் பாடல்களும் பதிவாகிற ஒரு ஸ்டூடியோவில் அதைப் பதிவு செய்தார்கள்.

யூடியூபில் போட்டதும் ஆட்கள் பார்க்கத்தான் செய்தார்கள். ஆனால் கீழே கருத்து எழுதியவர்களில் ஜெரால்டின் மாணவர்கள் ஒரு பாதி, ரகுநாத்தின் கடைக்கு வருகிறவர்கள் ஒரு பாதி. 'சூப்பர் சார்', 'வாழ்த்துகள் தம்பி' என்றே எல்லாம் இருந்தன. திலகவதிக்கு அதில் நிறைவு இல்லை. வானொலியில் வரவேண்டும் என்று மற்ற இருவரைவிட அவள்தான் பிடிவாதமாக இருந்தாள். தன்னைத் தெரியாத ஒருவர், தனக்கு எதையும் செய்யக் கடமைப்படாத ஒருவர், இந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்கள் என்று கேட்கவேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

பல வானொலி நிலையங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள், பதில் இல்லை. ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் இருமுறை போட்டார்கள்; அது கல்லூரி மதில் தாண்டி அதிக தூரம் கேட்பதில்லை. கடைசியில் திருச்சியில் உள்ள பண்பலை வானொலி ஒன்றுக்கு நேரில் போனார்கள். வாசலில் பெயரைப் பதிந்துகொண்டு காத்திருந்தபோது, மாலை நேயர் விருப்ப நிகழ்ச்சியை நடத்தும் பிளெஸ்ஸி என்ற பெண் தற்செயலாக வெளியே வந்தாள். ஜெரால்டின் கிதார் உறையில் ஒட்டியிருந்த குழுப் பெயரைப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டாள். உள்ளே கூட்டிப்போய்ப் பாட்டை முழுதாகக் கேட்டாள்.

பாட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் நீளம் என்றாள். வானொலிக்கு நாலு நிமிஷத்துக்குள் வேண்டும். எதை வெட்டுவது என்று திரும்பிவரும் பஸ்ஸில் சண்டை வந்தது. தொடக்கத்தில் திலகவதியின் டிரம்ஸ் தனியாக நெடுநேரம் வரும். நடுவில் ஜெரால்டின் கிதார் தனியாக நெடுநேரம் வரும். இரண்டில் ஒன்று போகவேண்டும். கீரனூர் வரைக்கும் இருவரும் பேசவில்லை. கீரனூரில் ரகுநாத் முறுக்கு வாங்கிக்கொண்டு ஏறி, இரண்டிலும் பாதிப் பாதி வெட்டிவிடலாம் என்றான். இருவருக்குமே பிடிக்காததால் அது நியாயமாகப் பட்டது. அப்படியே வெட்டி அனுப்பினார்கள்.

பிளெஸ்ஸி போனில் ஏற்பாட்டைச் சொன்னாள். புதிய குழுக்களுக்கான ஞாயிறு மதிய நிகழ்ச்சியில் பாட்டு ஒருமுறை ஒலிபரப்பாகும். அடுத்து வரும் வாரம் முழுக்க, மாலை ஆறு மணி நேயர் விருப்பத்தில் நேயர்கள் தாங்களாக அழைத்து அந்தப் பாட்டைக் கேட்டால், அன்றாட ஒலிபரப்பில் சேர்ப்பார்கள். யாரும் கேட்காவிட்டால் அதோடு சரி.

திலகவதி செய்த பிழை ஒன்று உண்டு. சனிக்கிழமை இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, வானொலி நிலையத்தின் நம்பரையும் கொடுத்து, தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேரைப் போன் பண்ணச் சொல்லுங்கள் என்றாள். தாங்களாக அழைக்கவேண்டும் என்று பிளெஸ்ஸி சொன்னது அவளுக்கு மறந்துவிடவில்லை. யாருமே கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இங்கே செய்முறை பற்றிச் சொல்லவேண்டும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வீடு குடிபுகுதல் என்று எந்த விசேஷம் வந்தாலும் உறவுக்காரர்கள் போய்ப் பணமாகவோ பாத்திரமாகவோ சீராகவோ செய்வதுதான் செய்முறை. செய்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். வாங்கிக்கொண்டவர், செய்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது மறக்காமல் திருப்பிச் செய்வார். சொர்ணவல்லிக்குப் பிள்ளை ஒன்றுதான். புருஷனும் இல்லை. திலகவதிக்குச் சடங்கு சுற்றியதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு விசேஷமும் நடக்கவில்லை. ஆனால் சொர்ணவல்லி ஒருவர் வீட்டையும் விட்டதில்லை. பங்காளி வீடு, சம்பந்தி வீடு என்று எல்லாவற்றுக்கும் போய்ச் செய்துவிட்டு வந்தார். திருப்பிச் செய்ய வழியில்லாமல் உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அது ஒரு உறுத்தலாகவே இருந்துவந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறம்பக்குடியில் ஒரு காதுகுத்து. பாட்டு ஒலிபரப்பான நேரத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பந்தியில் இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை. சொர்ணவல்லி தன் தம்பி குணசேகரனிடம் மட்டும், வாரம் முழுக்க ரேடியோவுக்குப் போன் பண்ணலாமாம் என்று சொல்லி நம்பரைக் கொடுத்தார். குணசேகரன் துபாயில் இருந்து திரும்பி, ஊரில் ஹாலோபிளாக் பட்டறை வைத்திருப்பவர். எதையும் பெரிதாகச் செய்கிறவர். நேராக மைக்செட்காரரிடம் போய், அக்கா மகள் பாட்டு ரேடியோவில் வருகிறது, சொந்தபந்தம் எல்லாரும் போன் பண்ணி அவரவர் செய்முறையைச் செய்துவிடவேண்டும் என்று அறிவிக்கச் சொன்னார். மைக்செட்காரர் மொய் எழுதியவர்களின் பெயர்களுக்கு நடுவே வானொலி நிலையத்தின் நம்பரையும் வாசித்தார். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு பக்கத்தில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு நம்பரைப் போனில் ஏற்றச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை மாலை மூன்று பேரும் குடோனில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நிகழ்ச்சி தொடங்கியதும் வந்த முதல் அழைப்பே அவர்களுக்குத்தான்.

"வணக்கம், சொல்லுங்க. யாரு பேசுறீங்க, எங்கேயிருந்து?"

"புளியன்விடுதி கண்ணன் பேசுறேன்ங்க. சம்சாரம் அழகி."

திலகவதி சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணன் அவளுக்குச் சித்தப்பா.

"சொல்லுங்க கண்ணன் சார், என்ன பாட்டு வேணும் உங்களுக்கு?"

"பாட்டு எதுன்னாலும் சரிதாங்க. எங்க பொண்ணு பாட்டு. பேரை மட்டும் வாசிச்சுருங்க. கண்ணன் அழகி குடும்பத்தார், சித்தப்பா முறை."

"வாசிச்சுடலாம் சார். பாட்டோட பேரு?"

"ரோட்டுப் பாட்டு."

ரகுநாத் வாயைப் பொத்திக்கொண்டான். பிளெஸ்ஸி சமாளித்து அடுத்த அழைப்பை எடுத்தாள். அது காத்தாயி, திலகவதியின் அப்பாவுக்கு அக்கா முறை.

"வாசிச்சுட்டீகளா?" என்றார் காத்தாயி.

"எதைம்மா?"

"எம் பேரைத்தான்."

"நீங்க இன்னும் பேரே சொல்லலையேம்மா."

"காத்தாயி. சும்மா காத்தாயின்னு போட்றாதீக, மேலத்தெரு காத்தாயின்னு நெனச்சுக்குவாக. தொம்பையன் மக காத்தாயின்னு வாசிங்க."

"என்ன பாட்டும்மா போடணும்?"

"பாட்டெல்லாம் வேணாம்த்தா. பேரு போதும்."

மூன்றாவது அழைப்பு குணசேகரன். தாய்மாமன் பெயரைத்தான் முதலில் வாசிக்கவேண்டும், இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள், அதை மாற்றி முறைப்படி சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். பிளெஸ்ஸி சிரித்தேவிட்டாள். தாய்மாமன் துபாய் குணசேகரன், சித்தப்பா கண்ணன், 'தோப்பையன்' மகள் காத்தாயி என்று அவள் வரிசையை மாற்றி வாசித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டும் புளியன்விடுதி. கடைசியில் விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டது. பாட்டைப் போடவே இல்லை.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். மதுரைவீரன் என்ற தூரத்துச் சொந்தம் ஒருவர், நேற்று எங்கள் பெயரை மற்றவர்களுக்குப் பின்னால் வாசித்துவிட்டீர்கள் என்று நேரலையிலேயே குறைப்பட்டுக்கொண்டார். அன்றைக்கும் பாட்டு வரவில்லை.

புதன்கிழமை காலையில், திலகவதி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பிளெஸ்ஸி அழைத்தாள்.

"அக்கா, ரெண்டு நாளா ஸ்டூடியோவுல எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஆனா எங்க மேலதிகாரி சிரிக்கல. இது ஏற்பாடு பண்ணி வர்ற போன்காலுங்கறாரு. அது எதையும் கணக்குல எடுக்க மாட்டோம். இன்னிக்கும் வந்துச்சுன்னா பாட்டையே எடுத்துரச் சொல்லிட்டாரு. எனக்காகவாவது நிறுத்துங்க."

திலகவதி அலுவலகத்தில் ஒரு மணி நேர அனுமதி கேட்டுவிட்டு, வண்டியை நேராகப் பட்டறைக்கு விட்டாள். குணசேகரன் அடுக்கிவைத்த கற்களுக்கு ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாத்தா. யாரும் விட்டுப்போச்சா? கறம்பக்குடிக்காரவுக இன்னிக்குப் பண்றேன்னுருக்காக."

"மாமா, யாரும் பண்ண வேணாம்னு சொல்லிருங்க."

அவர் ஹோஸைக் கீழே போட்டார். தண்ணீர் மண்ணில் ஓடியது.

"செய்முறையை வேணாங்கிறியா?"

வானொலிக்காரர்கள் சொன்னதை அவள் விளக்கினாள். அவர் கேட்டாரே தவிர, மனது அதில் இல்லை. வேண்டாம் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"ஒங்க ஆத்தா என் வீட்டு எல்லா விசேஷத்துக்கும் மொத ஆளா வந்து நின்னுச்சு. எங்க எல்லாருக்கும் செஞ்சுச்சு. நாங்க எங்கிட்டுப் போயித் திருப்பிச் செய்யிறது? நீயும் கல்யாணம் பண்ண மாட்டேங்குற. ஒரு வழி வந்துச்சேன்னு பாத்தா அதையும் அடைக்கிறே."

"நீங்க கேட்டா அது எனக்காகக் கேக்குறது மாமா. பாட்டுக்காகக் கேட்டதா ஆகாது. என்னைத் தெரியாதவுக கேக்கணும்."

"தெரியாதவன் எதுக்குக் கேப்பான்?"

"அதைத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்."

குணசேகரன் தண்ணீரை அடைத்துவிட்டு வந்து, கற்கள் மேல் உட்கார்ந்தார். சொந்தத்துக்குள் என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. பேச்சை மாற்றாமல் நின்றாள். கடைசியில் அவர்தான் வழி சொன்னார். போனை நிறுத்தலாம், ஆனால் அதற்குப் பதிலாக அவள் ஒரு விசேஷம் வைக்கவேண்டும். எந்த விசேஷமானாலும் சரி, பந்தி இருக்கவேண்டும், மைக்செட் இருக்கவேண்டும்.

"கல்யாணந்தானே கேக்குறீங்க?" என்றாள்.

"நான் அப்படிச் சொன்னேனா? வாய்விட்டுச் சொல்லலையே."

"பாட்டு வெளியிட்டதுக்கு வைக்கிறேன். ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை, குடோன்ல. எல்லாரும் வந்து சாப்பிட்டு, செய்யிறதைச் செய்ங்க."

"உரம் நாறுமேத்தா."

"கழுவி விட்டுர்றோம்."

குணசேகரன் போனை எடுத்து, சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவுக்குக் குரல் பதிவு ஒன்று போட்டார். ரேடியோக்காரர்களால் பெயர் வாசித்து முடியவில்லை, வாய் வலிக்கிறதாம், அதனால் செய்முறை ஆவணி மாதத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அதுவரை ஒருவரும் போன் பண்ணக் கூடாது, பண்ணினால் தாய்மாமன் மரியாதைக்குக் குறைவு என்று கண்டிப்பாகச் சொன்னார். வானொலி நிலையத்தைப் பற்றிச் சொன்னது பொய்தான். ஆனால் வேறு எப்படிச் சொன்னாலும் சிலர் மனசு வருத்தப்பட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது சொர்ணவல்லி சமைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்தார்.

"எல்லார் வீட்டுலயும் போயி எலை போட்டு ஒக்காந்து சாப்புட்டு வந்துருக்கேன். ஒரு நாள் அவுகளை ஒக்காரவச்சுப் போட முடியலேங்கிறதுதான் எனக்கு" என்று பாதியில் நிறுத்திவிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். திலகவதியை அவர் குறை சொல்லவில்லை. அவளுக்கு அது குறை சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மிச்சம் இருந்தது காத்தாயி. அவரிடம் இருப்பது பட்டன் போன். குரல் பதிவெல்லாம் போய்ச் சேராது. ஆறு மணிக்கு முன்பே திலகவதி அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். காத்தாயி போனைக் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை தொம்பையன் மகள் என்பதைத் தோப்பையன் மகள் என்று வாசித்துவிட்டார்கள், அதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். ஆவணியில் மைக்கில் திருத்தி மூன்று முறை வாசிக்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் போன் இடுப்புக்குள் போனது.

அன்று மாலை புளியன்விடுதியில் இருந்து ஒரு அழைப்பும் இல்லை. வேறு எங்கிருந்தும் இல்லை. பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள், பழைய பாட்டுகளைக் கேட்டார்கள், ஒருவர் தன் ஊரில் மழை பெய்வதைச் சொன்னார். 'தார் உருகுது' பற்றி யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமையும் அப்படியே போனது. அன்றைக்கு ஜெரால்டு சொன்னதில் நியாயம் இருந்தது. திருச்சியில் தன்னிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் சொந்தக்காரர்கள் அல்லவே, நாலு பேரிடம் சொன்னால் என்ன என்றார். ரகுநாத் திலகவதியைப் பார்த்தான். அவள் குச்சிகளைப் பைக்குள் வைத்து மூடினாள். அவர்களும் நமக்காகத்தான் கேட்பார்கள் சார் என்று மட்டும் சொன்னாள். ஜெரால்டுக்குக் கோபம். கிதாரை எடுக்காமலே வீட்டுக்குப் போனார். சனிக்கிழமை வரைக்கும் யாரும் கேட்கப்போவதில்லை, இவளால்தான் வந்த வாய்ப்பும் போனது என்று அவர் நினைத்திருக்கலாம். திலகவதியும் அன்று ராத்திரி அதையேதான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் குடோனுக்குப் போகவில்லை. வீட்டில் துணி மடித்துக்கொண்டே ரேடியோவைப் போட்டு வைத்திருந்தாள். நிகழ்ச்சி முடியப் போகிற நேரத்தில் பொன்னமராவதியில் இருந்து ஒரு பெண் பேசினாள். அங்கே தையல் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். பெயர் மோகனப்ரியா.

"என்ன பாட்டு வேணும் மோகனப்ரியா?"

"அதுதாங்க தெரியல. திங்கக்கெழமை, செவ்வாக்கெழமை ஒரு ஊர்க்காரவுக எல்லாரும் வரிசையாப் பேசுனாகளே, தாய்மாமன் பேரை மொதல்ல வாசிங்கன்னு. அந்தப் பாட்டு."

"ஓ, அந்தப் பாட்டா?"

"ஆமாங்க. பேரா வாசிச்சே நேரம் போயிருச்சு. பாட்டைப் போடவே இல்ல. கடையில நாங்க நாலு பேரும் மெஷினை நிப்பாட்டிக் காத்துக்கிட்டே இருந்தோம். இவ்வளவு பேரு கேக்குறாகளே, அப்படி என்னதான் பாட்டுன்னு பாக்கணும்ல?"

பிளெஸ்ஸியின் குரலில் சிரிப்பு தெரிந்தது. சந்தேகம் தீர்த்துக்கொள்ளவும் அவள் மறக்கவில்லை.

"நீங்க அந்த ஊருக்குச் சொந்தம் இல்லையே?"

"எங்களுக்கு அங்கிட்டு யாரையும் தெரியாதுங்க."

பாட்டு வந்தது. பாதி வெட்டிய டிரம்ஸோடு தொடங்கி, பாதி வெட்டிய கிதாரைத் தாண்டி, கடைசி வரி வரைக்கும் வந்தது. திலகவதி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நடுவில் தான் ஒரு இடத்தில் அரைத் தட்டு முந்திவிட்டதை வழக்கம்போலக் கவனித்தாள். பாட்டு முடிந்ததும் மோகனப்ரியா, நல்லாருக்குங்க, நாளைக்கும் போடுங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். இலுப்பூரில் இருந்து ஒருவர், நேற்று வந்த ரோட்டுப் பாட்டில் பாடுகிறவர் கத்துகிறார், ஆனால் மேளம் நன்றாக இருக்கிறது, திரும்பப் போடுங்கள் என்றார். அவருடைய மகள் பின்னாலிருந்து அது மேளம் இல்லைப்பா, டிரம்ஸ் என்று திருத்தியதும் கேட்டது. கீரனூர் டீக்கடை ஒன்றில் இருந்து ஒரு அழைப்பு. மோகனப்ரியாவின் கடையில் இருந்து வேறொரு பெண். புளியன்விடுதியில் இருந்து யாரும் இல்லை. குணசேகரனின் கண்டிப்பு அவ்வளவு வேலை செய்திருந்தது.

திங்கட்கிழமை பிளெஸ்ஸி முடிவைச் சொன்னாள். மாலை நேரத்தில் சேர்க்கும் அளவுக்கு அழைப்புகள் இல்லை. ஆனால் வந்தவை உண்மையானவை என்று மேலதிகாரி ஒப்புக்கொண்டார். மதியம் இரண்டு மணி நிகழ்ச்சியில், வாரநாட்களில், ஒரு மாதத்துக்குப் போடுவார்கள். இரண்டு மணிக்கு ரேடியோ கேட்கிறவர்கள் வேலை பார்த்துக்கொண்டே கேட்கிறவர்கள், கார்க்காரர்களோ காலேஜ் பிள்ளைகளோ இல்லை, பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்றாள் திலகவதி. ஜெரால்டு அன்று மாலை குடோனுக்கு வந்து, கிதாரை எடுத்துச் சுருதி கூட்டினார். அடுத்த பாட்டுக்கு வார்த்தை தயாராக இருக்கிறது என்றார்.

ஆவணி விசேஷத்துக்கு ஆள் கணக்கு நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்த சமயத்தில், விடுப்பில் போன ஒரு கணக்கீட்டாளரின் பகுதியையும் திலகவதி சேர்த்துப் பார்க்க வேண்டிவந்தது. ஆதனக்கோட்டைப் பக்கம் அவள் அதுவரை போகாத ஊர் ஒன்று. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த முந்திரிக்கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கொட்டையில் கசிகிற எண்ணெயில் எல்லார் கையும் கறுத்திருந்தது. மூலையில் ஒரு ஸ்டூல் மேல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மீட்டர் அதற்கு மேலே சுவரில் இருந்தது.

அவள் ரீடிங் எடுத்துக்கொண்டிருக்கும்போது டிரம்ஸ் தொடங்கியது.

"ஏய், இது அந்தப் பேரு வாசிச்ச பாட்டுல்ல?" என்றாள் ஒருத்தி.

"அதேதான். இப்பல்லாம் யாரு பேரும் வாசிக்கிறதில்ல."

"வாசிக்காட்டி என்ன, வேலை ஓடுதுல்ல. இது வந்துச்சுன்னா பெரியக்கா கை எப்படிப் போகுது பாரு."

பெரியக்கா என்று அவர்கள் சொன்னவள் குனிந்த தலை நிமிராமல் பாட்டுக்கு ஏற்றபடி கொட்டைகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டு ஒன்றும் தப்பவில்லை. பக்கத்தில் இருந்தவள் திலகவதியைக் கூப்பிட்டாள்.

"கரண்டுக்காரம்மா, எங்க கையெல்லாம் எண்ணெ. அந்த ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வச்சுட்டுப் போங்களேன்."

திலகவதி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரேடியோவின் திருகைத் திருப்பினாள்.

"இன்னும்" என்றாள் பெரியக்கா.

இன்னும் திருப்பினாள்.